பச்சை இருக்கிறது, சத்து இருக்கிறதா? கொறங்காட்டுப் புல்லின் தழைச்சத்துக் கணக்கு

காற்றில் கரியமில வாயு கூடுவதால் செடிகொடிகள் செழிக்கின்றன, உலகம் முன்பைவிடப் பச்சையாகி வருகிறது என்று ஒரு செய்தி வருகிறது. 2019-ல் நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து, பசுமை கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னிலையில் இருப்பதாகவே சொன்னார்கள். கொஞ்ச நாளில் நேர்மாறாக இன்னொரு செய்தி: பருவநிலை மாற்றத்தால் மேய்ச்சல் புல்லில் புரதம் குறைகிறது, மாடு வயிறு நிறைய மேய்ந்தும் மெலிகிறது.

இரண்டுமே உண்மை. செயற்கைக்கோள் இலைப்பரப்பை அளக்கிறது, மாட்டின் வயிறு இலைக்குள் இருக்கும் தழைச்சத்தை, அதாவது புரதத்துக்கு மூலமான நைட்ரஜனை, அளக்கிறது. (இந்தியாவின் கணக்கில் கூடிய பச்சையில் பெரும்பங்கு பாசனத்திலும் உரத்திலும் விளைந்த பயிர்நிலம் என்பதையும் அந்த ஆய்வே சொன்னது. மேய்ச்சல் நிலத்துக்கு அதில் அதிகப் பங்கில்லை.) காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடுகளில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கொறங்காடு: ஒரு சிறு அறிமுகம்

கொங்கில் காடு என்றால் வனம் இல்லை. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், வானம் பார்த்தது காடு. அப்படி வானம் பார்த்த நிலத்தில் சில ஏக்கரைச் சுற்றிக் கிளுவை முள் வேலி வைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களுமாக மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்தது கொறங்காடு. தனியார் நிலம்தான், ஊர்ப் புறம்போக்கு அல்ல. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் புல்லில்தான் வளர்ந்தன. சரளையும் சுக்கானும் (சுண்ணாம்புக் கல்) கலந்த மெலிந்த மண், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை, அதிலும் பாதிக்குக் கிட்ட ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி விழுவது.

இந்த மண்ணுக்கு உரம் போடுவதில்லை. ஆகவே புல்லுக்குக் கிடைக்கும் தழைச்சத்து முழுக்க நிலத்துக்குள் சுற்றி வருவதுதான்.

தழைச்சத்து: வரவும் செலவும்

மழை பெய்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கொறங்காட்டுக்குள் போய்ப் பார்த்தால், வெளிர்பச்சைப் புல்லுக்கு நடுவே அங்கங்கே தட்டு அகலத்துக்குக் கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். அங்கே புல் நான்கு விரற்கடை உயரமாகவும் இருக்கும். மாடு மூத்திரம் பெய்த இடம் அது. பக்கத்துப் புல்லுக்கும் அதே மழை, அதே வெயில், அதே மண். குறைந்தது தழைச்சத்து ஒன்றுதான். இந்த நிலத்தில் நீர் வந்துவிட்டால் அடுத்த முட்டுக்கட்டை என்ன என்பதற்கு ஆய்வகமே வேண்டாம், அந்தத் திட்டு போதும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் புல்லால் அதை நேரடியாக எடுக்க முடியாது. மண்ணில் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறியிருந்தால்தான் வேர் உறிஞ்சும். கொறங்காட்டில் அது வருவதற்கு முக்கியமான வழிகள் இவை.

1. மக்கிய வேர், சருகு, சாணம் ஆகியவற்றை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைத்துத் தழைச்சத்தை விடுவிப்பது. வரவில் பெரும்பகுதி இதுதான்.
2. நரிப்பயறு, கொழிஞ்சி போன்ற பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்று நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பது.
3. இடி மின்னலோடும் தூசியோடும் மழைநீரில் இறங்குவது. இது சிறு தொகை.

செலவுப் பக்கம்: மழைநீரோடு ஆழத்துக்கு இறங்குவது, அம்மோனியாவாகக் காற்றில் பறப்பது, மேல்மண் அரிப்பில் போவது, மாட்டின் உடம்பிலும் சாணத்திலும் வேலியைத் தாண்டிப் போவது. பருவநிலை மாற்றம் இந்தப் பேரேட்டின் ஏறக்குறைய எல்லா வரிகளிலும் கை வைக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

7 சதவீதம் என்ற கோடு

தீவனக்காரர்கள் சொல்லும் கச்சாப் புரதம் என்பது, தழைச்சத்தின் அளவை 6.25-ஆல் பெருக்கிய எண்தான். காய்ந்த எடையில் 1.12 சதவீதம் தழைச்சத்து இருந்தால் 7 சதவீதம் புரதம் என்று கணக்கு.

இந்த 7 சதவீதம் ஒரு முக்கியமான கோடு. மாடு புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான் நாரைச் சிதைக்கின்றன, அவற்றுக்கும் தழைச்சத்து வேண்டும். புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை மந்தமாகின்றன, நார் வயிற்றிலேயே தங்குகிறது, மாடு தின்பதையே குறைத்துவிடுகிறது. புல் எதிரே நிற்க, மாடு அசைபோட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்குக் காய்ந்த எடையில் 6 கிலோ புல் மேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். புல்லில் 1.2 சதவீதம் தழைச்சத்து இருந்தால் அதற்குக் கிடைப்பது 450 கிராம் புரதம். அது 1.0 சதவீதமாக இறங்கினால் 375 கிராம். கண்ணுக்கு இரண்டு புல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த 75 கிராமை ஈடுகட்ட, 45 சதவீதம் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கு 165 கிராமுக்கு மேல் வேண்டும். பத்து உருப்படி வைத்திருப்பவருக்கு நூறு நாளில் அது 165 கிலோவைத் தாண்டும். தசமத்துக்குப் பின்னால் நடக்கும் சின்ன மாற்றம் புண்ணாக்குக் கடைப் பாக்கியாக வந்து நிற்பது இப்படித்தான்.

கரியமில வாயு கூடினால் என்ன ஆகிறது

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. செடிக்கு அது சாப்பாடு. சாப்பாடு கூடினால் மாவுச்சத்தும் நாரும் அதிகமாக உருவாகின்றன. ஆனால் மண்ணிலிருந்து வரும் தழைச்சத்து அதே அளவில் கூடுவதில்லை. பாலில் தண்ணீர் சேர்த்தது போல, இலையின் அளவு கூடி, இலைக்குள் தழைச்சத்து நீர்த்துப் போகிறது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கரியமில வாயு தாராளமாகக் கிடைக்கும்போது இலை தன் துளைகளைச் சற்று மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, நல்லதுதான். ஆனால் நைட்ரேட் வேரை வந்து சேர்வதே, இலை இழுக்கும் நீரோட்டத்தில் மிதந்துதான். இழுப்பு குறைந்தால் அதன் வரத்தும் குறையும்.

எல்லாப் புல்லும் இதற்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கரியமில வாயுவைப் பிடிக்கும் முறையை வைத்துச் செடிகளை முக்கியமாக இரு வகையாகப் பிரிப்பார்கள்: நெல், கோதுமை, பயறு வகைகள், பெரும்பாலான மரங்கள் சி3 வகை. சோளம், கம்பு, மக்காச்சோளம், நம் கொழுக்கட்டைப்புல் எல்லாம் சி4 வகை. சி4 செடி தன் இலைக்குள்ளேயே கரியமில வாயுவைத் திரட்டிக் கொடுக்கும் ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதனால் அதைப் பிடிக்கும் நொதி அதற்குக் கொஞ்சம் இருந்தால் போதும். சி3 இலையில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு வரை அந்த ஒரு நொதிக்கே போய்விடும். சி4 இலையில் அதில் பாதி கூட ஆகாது. குறைந்த தழைச்சத்தில் அதிகப் புல் விளைய வைக்கும் சிக்கனக்காரர் இவர். அதே காரணத்தால் இவருடைய இலையில் புரதமும் இயல்பிலேயே குறைவு.

ஆகவே, ஏற்கெனவே வாயுவைத் திரட்டத் தெரிந்த சி4 புல்லுக்குக் கூடுதல் வாயுவால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நீர்த்தலும் இல்லை என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிவந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் திறந்தவெளியில் 20 ஆண்டு நடந்த ஒரு சோதனை அதில் கல்லைப் போட்டது. முதல் 12 ஆண்டுகள் எதிர்பார்த்தபடியே சி3 புற்கள்தான் கூடுதல் வாயுவில் அதிகம் வளர்ந்தன. பிறகு தலைகீழானது: கடைசி 8 ஆண்டுகளில் சி4 புற்கள் முந்தின, சி3 புற்களின் லாபம் காணாமல் போனது. சி4 பாத்திகளில் மண்ணிலிருந்து தழைச்சத்து விடுபடும் வேகம் கூடியிருந்தது, சி3 பாத்திகளில் குறைந்திருந்தது. 2018-ல் வந்த முடிவு இது. வாயுவுக்குச் செடி காட்டும் பதிலை மண்ணின் தழைச்சத்துதான் தீர்மானிக்கிறது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது வயோமிங் மாநிலத்தின் வறண்ட மேய்ச்சல் நிலத்தில் நடந்த சோதனை. வாயுவையும் கூட்டி, வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். வெப்பத்தால் மண் காய்வதை, வாயுவால் மிச்சமான நீர் ஈடுகட்டியது. சி4 புற்கள் நன்றாக வளர்ந்தன. ஆனால் தீவனத்தின் தரம் இறங்கியது, வெப்பம் கூடினாலும் கூடாவிட்டாலும் அந்த இறக்கம் மாறவில்லை. பாத்தியில் நடந்தது சந்தைக்குப் போகும் மாட்டிலும் தெரிகிறதா? அமெரிக்க மேய்ச்சல் மாடுகளின் 36,000-க்கும் மேற்பட்ட சாண மாதிரிகளை 1994 முதல் இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, மேய்ந்த புல்லின் கச்சாப் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைந்திருந்தது. அதற்கு வாயு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திசை ஒன்றுதான்.

அந்த நிலங்களில் பனி விழுகிறது, சி3 புல்லும் கலந்திருக்கிறது. அங்கத்து எண்ணை அப்படியே தூக்கி மூலனூரில் வைக்கக்கூடாது. வழிமுறை பொருந்தும், அளவு பொருந்தாது.

போகிற போக்கில் ஒன்று: கரியமில வாயு கூடக் குறைய இருந்தால் புல் ஆள் மாறும் என்பதற்குச் சாட்சி நம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து 1993-ல் ராமன் சுகுமார் குழுவினர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வாயு குறைந்து வறட்சி கூடியிருந்த பனியுகக் காலத்தில், அங்கே சி4 புற்கள் கோலோச்சியதும், ஈரம் திரும்பியபோது சி3 செடிகள் எழுந்ததும் அந்த மண்ணிலேயே பதிந்திருந்தது.

மழைதான் பெரிய கணக்கு

என் கணிப்பில், கொங்குக்கு வாயுவை விட மழைதான் முதலில் வலிக்கும் இடம். வாயு ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறுகிறது. மழை ஒரே பருவத்தில் ஆட்டத்தை மாற்றிவிடுகிறது.

கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது நுண்ணுயிர்களில் ஒரு பங்கு செத்துப்போகிறது, மிச்சம் உறங்குகிறது. முதல் மழை விழுந்ததும் உறங்கியவை விழித்து, செத்தவற்றையும் சருகையும் அவசரமாகத் தின்னத் தொடங்குகின்றன. சில நாளுக்குள் மண்ணில் தழைச்சத்து குப்பென்று கிளம்புகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1950-களில் பிர்ச் என்ற மண்ணியலாளர் இதை விரிவாக ஆராய்ந்ததால் பிர்ச் விளைவு என்று பெயர். முதல் மழைக்குப் பிந்திய தளிருக்கு ஏன் அத்தனை ருசி, ஆடு ஏன் அதைத் தேடி ஓடுகிறது என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

இந்தத் திடீர் வரவைப் பிடிக்க, வேர் தயாராக இருக்க வேண்டும். கொழுக்கட்டைப்புல்லின் பலம் இங்கேதான். பலபருவப் புல், காய்ந்த தூருக்கடியில் வேர் உயிரோடு இருக்கும், ஈரம் பட்டவுடன் துளிர்த்துவிடும். விதையிலிருந்து முளைக்கும் ஓராண்டுப் புல் எழுந்து வருவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

மழை விழும் விதத்தைப் பொறுத்து மூன்று கதை நடக்கலாம்.

1. முதலில் 25 மி.மீ., ஐந்தாறு நாளில் இன்னொரு மழை. கிளம்பிய நைட்ரேட்டைப் புல் பிடித்துக்கொள்கிறது. இலை கரும்பச்சை, புரதம் உச்சம்.

2. பொய்த் தொடக்கம். 15 மி.மீ. பெய்துவிட்டு மூன்று வாரம் காய்கிறது. நுண்ணுயிர் விழித்து நைட்ரேட்டை உருவாக்கிவிட்டது, புல்லும் அடித்தூரில் வைத்திருந்த சேமிப்பைச் செலவழித்துத் துளிர்த்துவிட்டது. பிறகு ஈரம் இல்லை. துளிர் கருகுகிறது, நைட்ரேட் மேல்மண்ணில் ஆளில்லாமல் நிற்கிறது. இது இரண்டு தடவை நடந்தால் தூரே செத்துவிடும்.

3. கொட்டித் தீர்ப்பது. ஒரே நாளில் 100 மி.மீ. சரளை மண்ணில் நைட்ரேட் நீரோடு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. மேட்டு நிலமாக இருந்தால் சாணப்பொடியும் மேல்மண்ணும் ஓடையைப் பார்த்துப் போய்விடும்.

பொய்த் தொடக்கத்துக்குப் பின்னால் கொட்டல் வந்தால்தான் மோசத்திலும் மோசம். தேங்கி நின்ற அத்தனையும் ஒரே அடியில் போகும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். அதனால் பெய்யும்போது பலமாகப் பெய்வதும், இடைவெளி நீள்வதும் கூடும். ஆண்டு மொத்தம் 600 மி.மீ. என்று மழைமானி காட்டினாலும், அதே 600 இரண்டு வெவ்வேறு மேய்ச்சல் நிலங்களை உண்டாக்கும்.

முழு வறட்சி வேறு கதை. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது; 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் குட்டையாக நிற்கும் கொஞ்சநஞ்சப் புல்லில் புரதச் சதவீதம் கூடியிருந்தாலும் வியப்பில்லை. தண்டு நீளாமல் இலையாகவே நின்றுவிடுவதால் அப்படி. ஆனால் வாய் வைக்கப் புல் வேண்டுமே. சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தரம் உயர்ந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு.

வெயில்

மாடு தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாணத்திலும் மூத்திரத்திலும் திரும்பி வருகிறது. மூத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் யூரியாதான். அது மண்ணில் அம்மோனியாவாக மாறும்போது, மண் சூடாகவும் சுண்ணாம்புச் சத்தோடும் இருந்தால் ஒரு பகுதி காற்றில் பறந்துவிடும். சுக்கான் மண்ணில் சித்திரை வெயில் என்றால் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வெள்வேல நிழலில் மாடு படுத்தால் அதன் மூத்திரம் குளிர்ந்த மண்ணில் விழுகிறது, உதிர்ந்த இலையும் மேலே மூடுகிறது. அந்த மரத்தை நிழலுக்கும் காய்க்கும் மட்டும் கணக்கில் எடுப்பது போதாது.

யூரியா போட்டால் தீராதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. மானாவாரிப் புல்லுக்கு யூரியா விசிறினால், அடுத்த மழை தவறினால் அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகப் பறக்கும். கொட்டினால் ஆழத்துக்குப் போகும். சரியான மழை விழுந்தால் பலன் உண்டு. ஆனால் அந்த மழையை நம்ப முடியாததுதானே இங்கே பிரச்சினையே. போதாததற்கு, மண்ணிலிருந்து ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 270 மடங்குக்கு மேல் சூடேற்றும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தழைச்சத்து தாராளமாகப் போட்ட சோளப்பயிர் வறட்சியில் வாடினால் அதில் நைட்ரேட்டும், இளம்பயிரில் சயனைடு நஞ்சும் ஏறும். வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடாதே என்று பெரியவர்கள் விரட்டுவது வெறும் பயத்தினால் அல்ல.

யூரியாவை மண்ணுக்குப் போடுவதைவிட, காய்ந்த தீவனத்துக்குப் போடுவது கணக்குக்குச் சரியாக வருகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்துக் கொடுக்கும் முறை நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ளது. முதல் வயிற்று நுண்ணுயிர்களுக்குத் தேவையான தழைச்சத்து நேராக அங்கேயே போய்ச் சேர்கிறது. அளவு தவறினால், அல்லது யூரியாவை அப்படியே மாடு நக்கிவிட்டால், உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

வேலியைத் தாண்டிப் போகும் சாணம்

கொறங்காட்டில் தழைச்சத்து குறைவதற்கு வானத்தை மட்டும் நோக வேண்டியதில்லை. பகலில் மேய்த்துவிட்டு இரவில் மாட்டைக் கட்டுத்தாரைக்கு ஓட்டிவந்தால், இரவுச் சாணம் முழுவதும் குப்பைமேட்டுக்குப் போய், அங்கிருந்து தோட்டத்து மஞ்சளுக்கோ தென்னைக்கோ போகிறது. கொறங்காடு தோட்டத்துக்கு உரம் ஏற்றுமதி செய்துகொண்டே இருக்கிறது, திரும்ப எதுவும் வருவதில்லை. ஆட்டுப்பட்டியைக் கொறங்காட்டுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றிப் போடும் வழக்கம் இந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தது. மண் தாராளமாகக் கொடுத்த காலத்தில் இந்த ஏற்றுமதி பெரிதாகத் தெரியவில்லை. மழை சீர்கெட்டு, இலையும் நீர்த்துப் போகும் காலத்தில் தெரியும்.

மிச்சம் உள்ள வரவு நரிப்பயறும் கொழிஞ்சியும். பயறு வகைச் செடிக்குக் கரியமில வாயு கூடினால் லாபம் அதிகம், தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்வதால். ஆனால் வேர்முடிச்சு வறட்சிக்கு மிகவும் கூச்சப்படும், இலை வாடுவதற்கு முன்பே வேலையை நிறுத்திவிடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும். இதற்கு நடுவில் மேய்ச்சல் வேறு. நரிப்பயறு ஒரு பருவக் கொடி, விதை விழுந்தால்தான் அடுத்த ஆண்டு உண்டு. ஆட்டுக்கு அது புல்லை விட ருசி, உள்ளே விட்டதும் முதலில் தேடிக் கடிப்பது அதைத்தான். மழை பெய்து புல் தலைகாட்டியதும், புண்ணாக்குச் செலவுக்குப் பயந்து படலைத் திறந்துவிட்டால், கொடி பூப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். காய் முற்றி விதை உதிரும்வரை கொறங்காட்டின் ஒரு பகுதியையாவது அடைத்து வைத்தால், அடுத்த மழைக்கு அந்தப் பகுதியில் மட்டும் கொடி படர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.